இடி இடித்தும் அணையாத பச்சை

காலையில் நான் பேசும் முதல் வார்த்தை பெரும்பாலும் "லைட்டு எரியுதா?" என்பதாகத்தான் இருக்கும். அதற்கு முன்னால் பேச ஆளில்லை. எழுந்து, பல் தேய்த்து, பாலில்லாக் கட்டஞ்சாயா போட்டு, பத்திரிகையைப் புரட்டி, மாடி அறைக்குப் போய் உட்காரும் வரைக்கும் வாய்க்கு வேலையே கிடையாது. பத்து மணிவாக்கில் யாராவது கூப்பிட்டு நெட் வரவில்லை என்பார்கள். "லைட்டு எரியுதா?" என்று கேட்கும்போது தொண்டை கரகரவென்று இருக்கும். எதிரில் இருப்பவர், "சாருக்கு சளியா?" என்பார். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். காலையிலிருந்து பேசவில்லை என்று விளக்கிக்கொண்டிருக்க முடியுமா?

தோவாளைக்குப் பக்கத்தில் வயலை ஒட்டிய வீடு. அப்பா கட்டியது. எனக்கு ஐம்பத்திரண்டு வயது, கல்யாணம் அமையவில்லை. அமையவில்லை என்பது மற்றவர்களுக்குச் சொல்வது. பெண் பார்க்க வேண்டிய வருடங்களில் நான் வளைகுடாவில் நெட்வொர்க் கம்பி இழுத்துக்கொண்டிருந்தேன், லீவில் வரும்போதெல்லாம் அடுத்த தடவை பார்க்கலாம் என்று தள்ளினேன். இப்போது திருவனந்தபுரத்தில் இருக்கும் ஒரு சின்ன நிறுவனத்துக்காக வீட்டிலிருந்தே வேலை. மாவட்டம் முழுக்கக் கடை, லாட்ஜ், கிளினிக், பள்ளிக்கூடம் என்று பல இடங்களில் சுவரில் மாட்டியிருக்கும் வைஃபை பெட்டிகளுக்கு நான் காவல்காரன். சாப்பாட்டுத் தட்டு அளவில், வெள்ளையாக இருக்கும். பெட்டி குளச்சலில் இருக்கும், அதற்கு உத்தரவு போடும் கிளவுட் எங்கோ கண் காணாத ஊரில் இருக்கும், இரண்டையும் நான் இங்கிருந்து திரையில் பார்த்துக்கொண்டிருப்பேன். பெட்டி சுகமாக இருந்தால் பெயருக்கு நேரே பச்சைப் புள்ளி. பேச்சு மூச்சில்லாமல் ஐந்து நிமிடம் போனால் சிவப்பு.

சிவப்பு வந்தால் அதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் லைட் எரிகிறதா. எரியவில்லை என்றால் கரண்டா, அடாப்டரா. எரிகிறது என்றால் வயரா, கேபிள்காரன் லைனா. எல்லாம் சரி என்றால் இங்கிருந்தே அணைத்துப் போடுவேன். இவ்வளவும் செய்து முடித்தபிறகு பெரும்பாலும் தெரியவரும் விஷயம், யாரோ செல்போனுக்குச் சார்ஜ் போடுவதற்காகப் பிளக்கைப் பிடுங்கியிருக்கிறார்கள் என்பதுதான்.

தோவாளைச் சந்தையில் ஒரு பூ வியாபாரியின் கடைப் பெட்டி தினமும் விடியற்காலையில் ஒன்றரை மணி நேரம் சிவப்பாகும். சாஃப்ட்வேரை மாற்றினேன், வயரை மாற்றினேன், பெட்டியையே மாற்றினேன். கடைசியில் ஒரு நாள் நேரில் போய் நின்று பார்த்தேன். பிச்சிப்பூ வந்து இறங்கியதும் அவர் வெகு சாதாரணமாகக் கையை நீட்டிப் பெட்டியின் பிளக்கை உருவிவிட்டு எலக்ட்ரானிக் தராசைச் சொருகினார்.

"அண்ணாச்சி, இதைப் புடுங்கினா நெட்டு எப்படி வரும்?"

"பூ நிறுக்க நேரத்துல நெட்டு எதுக்கு சாரே? நிறுத்து முடிஞ்சதும் போட்டுருவேன்லா."

"பொறவு எதுக்கு தெனமும் எனக்குப் போன் போட்டு நெட்டு இல்ல, நெட்டு இல்லன்னு சொல்லுதிய?"

"இல்லைன்னா இல்லைன்னு சொல்லணும்லா?" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அதைவிட, அவர் கடையைச் சுற்றி நின்றவர்கள் அத்தனை பேரும் சிரித்ததும், எனக்கும் ஒரு டம்ளர் சாயா வந்ததும், அரை மணி நேரம் மனிதக் குரல்களுக்கு நடுவில் நின்றதும்தான் ஞாபகத்தில் இருக்கிறது. அதன்பிறகு இரண்டு தடவை தேவையில்லாமலே அந்தக் கடைக்கு சர்வீஸ் போனேன். இதை நிறுவனத்திடம் சொன்னதில்லை.

என் பட்டியலில் கடைசியாக ஒரு பெட்டி உண்டு. அதற்கு நான் வைத்த பெயர் "அண்ணன் வீடு".

அண்ணன் என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். மணவாளக்குறிச்சியில் மணல் ஆலையில் எலக்ட்ரிகல் வேலை பார்த்து ஓய்வு பெற்று, அங்கேயே வீடு கட்டி இருந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. அம்மா இறந்து ஒரு வருடம் கழித்து அண்ணனைக் கட்டிக்கொண்டு மைனி எங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. எனக்குத் தலை துவட்டி விட்டது, டிபன் கட்டிக் கொடுத்தது, பரீட்சையில் தோற்ற மார்க் ஷீட்டை அண்ணன் கண்ணில் படாமல் அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தது எல்லாம் அவள்தான். "எனக்குப் பிள்ளை இல்லைன்னு யாரு சொன்னா? எனக்கு இவன்தான் கொள்ளி வைப்பான்" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்வாள்.

அந்தப் பெட்டியை நான் மாட்டியது அவளுக்காக. ஒரு லீவில் வந்தபோது, போனில் என் முகம் துண்டு துண்டாகத் தெரிகிறது என்று குறைப்பட்டாள். வளைகுடாவில் சோதனைக்குக் கிடைத்த பெட்டி ஒன்று கையில் இருந்தது. முன்னறைச் சுவரில் மாட்டினேன். அவள் கீழே நின்று அண்ணாந்து பார்த்து, "இதுல நாலு இட்லி வைக்கலாமே" என்றாள். அண்ணனுக்கு இட்லிக் கவலை இல்லை. அவர் எலக்ட்ரிகல்காரர்.

"இடி விழுந்தா?"

"இடிச் சத்தம் கேட்டதும் வயரைப் புடுங்கிருங்க. புடுங்கினா எனக்கு அங்க செவப்பாத் தெரியும்."

"துபாய்ல இருந்தாலுமா?"

"எங்க இருந்தாலும்."

"அப்போ நான் வீட்டுல என்ன செய்யேன்னு பாத்துக்கிட்டே இருப்பியோ?"

"அதெல்லாம் தெரியாது. உயிரோட இருக்கியளான்னு மட்டும் தெரியும்."

மைனி என் வாயில் ஓர் அடி வைத்தாள். "வாயைக் கழுவுலே" என்றாள். மூன்று பேரும் சிரித்தோம்.

அதற்கடுத்த வருடம் ஒரு மதியம் அண்ணன் போன் செய்தார். மைனி அடுக்களையில் விழுந்துவிட்டாள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்றார். அன்றைக்கு நாங்கள் ஒரு பெரிய கம்பெனியின் நெட்வொர்க் முழுவதையும் பழையதிலிருந்து புதியதற்கு மாற்றிக்கொண்டிருந்தோம். மூன்று மாதம் திட்டமிட்ட வேலை. பாதியில் விட்டுவிட்டு வரமுடியாது என்றேன். இரண்டு நாளில் வருகிறேன் என்றேன். அண்ணன் போனை வைத்துவிட்டார். உடலை எடுப்பதை யாரோ ஒருவர் வீடியோவில் காட்டினார். நான் மாட்டிய பெட்டி வழியாகத்தான் அந்தப் படம் எனக்கு வந்தது. ஒரு இடத்தில்கூடத் துண்டாகவில்லை. கொள்ளியை அண்ணனே வைத்தார். ஒரு வேலை முடிந்தால் இன்னொன்று வந்தது. பதினாறாம் நாள் அடியந்திரத்துக்காவது வந்திருக்கலாம், அதற்கும் வரவில்லை. நான் இல்லாவிட்டால் அந்தக் கம்பெனி மூழ்கியிருக்குமா? மூழ்கியிருக்காது. பக்கத்து நாற்காலியில் இருந்த மலையாளி அதை என்னைவிட நன்றாகவே செய்திருப்பான். அவனே, "சேட்டா போ, நான் பாத்துக்கிடுதேன்" என்றான். நான்தான் போகவில்லை. ஏன் என்று இன்று வரைக்கும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அவளை அப்படிப் பார்க்கப் பயமாக இருந்தது என்பதுதான் உண்மைக்குப் பக்கத்தில் வருகிறது.

இரண்டு மாதம் கழித்து எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு ஊருக்கு வந்து, நேராக மணவாளக்குறிச்சிக்குப் போனேன். அண்ணன் கேட்டைத் திறந்து நின்றார். என் கையிலிருந்த பயணப் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வேலையெல்லாம் முடிஞ்சுதா?" என்று கேட்டார்.

அவ்வளவுதான். அதில் கோபம்கூட இல்லை. மைனி படத்தை வாசலில் நின்றே பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். அதன்பிறகு மூன்று வருடம் நாங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசாததற்குக் காரணம் உண்டு. நான் பேசாததற்கு வெட்கம் மட்டும்தான் காரணம், அது நாள் ஆக ஆகக் கெட்டிப்பட்டுப் போனது.

ஆனால் அந்தப் பெட்டி என் திரையில் இருந்தது. நிறுவனத்திடம் அது சோதனைக்கு வைத்திருக்கும் பெட்டி என்று சொல்லிப் பட்டியலில் சேர்த்துவிட்டேன். காலை ஐந்தரைக்குப் பச்சையாகும். இரவு ஒன்பது மணிக்குச் சிவப்பாகும். அண்ணன் படுக்கப் போகும்முன் வீட்டில் ஒரு சுவிட்ச் விடாமல் அணைப்பவர். பால் வாங்கக் கடைக்குப் போனாலும் மெயினை அமர்த்திவிட்டுத்தான் போவார். மைனி அதைச் சொல்லிச் சொல்லிக் கிண்டல் செய்வாள். ஆகையால் நடுப்பகலில் அரை மணி நேரம் சிவப்பாக இருந்தால் அண்ணன் கடைக்குப் போயிருக்கிறார். மாதம் ஒருமுறை காலை முழுக்கச் சிவப்பாக இருந்தால் பென்ஷன் காரியமாக நாகர்கோவிலுக்குப் போயிருக்கிறார். அவர் எதையும் பார்ப்பதாகத் தெரியவில்லை. பெட்டியில் ஒரு செல்போன் மட்டும் சேர்ந்திருக்கும், அதில் நெட் ஓடிய அடையாளமே இருக்காது. யாருக்காக அதைத் தினமும் போட்டு வைக்கிறார் என்று நான் யோசித்ததுண்டு. மைனி இருந்தபோது அவள் போடுவாள், அந்தப் பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

மழைக்காலத்தில் இன்னொன்று. மணவாளக்குறிச்சியில் எனக்கு ஒரு கிளினிக்கின் பெட்டியும் உண்டு. இரண்டும் சேர்ந்து சிவப்பானால் ஊரில் கரண்ட் போய்விட்டது. கிளினிக் பச்சையாக இருந்து அண்ணன் வீடு மட்டும் சிவப்பானால் அங்கே இடி இடிக்கிறது, அண்ணன் வயரைப் பிடுங்கியிருக்கிறார். ஐப்பசியில் தினமும் இது நடக்கும். ஊரில் எல்லோரும் சிவப்பைக் கண்டு பதறுவார்கள். எனக்கு அந்தச் சிவப்பு வந்தால் ஒரு நிம்மதி. எழுந்து நடந்து போய் ஒரு வயரைப் பிடுங்கும் அளவுக்கு அண்ணன் நன்றாக இருக்கிறார். ஒரு மனிதனைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டு மூன்று வருடம் ஓட்டினேன்.

ஒரே ஒரு தடவை வரம்பு மீறினேன். பெட்டி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்காகத் திரையில் ஒரு பொத்தான் உண்டு. அதை அமுக்கினால் பெட்டியின் விளக்கு ஒரு நிமிடம் விட்டு விட்டு மின்னும். பெரிய கட்டடங்களில் எந்தப் பெட்டி எது என்று தெரியாதபோது பயன்படுத்துவது. மைனியின் இரண்டாம் வருடத் திதியன்று, காலை ஏழு மணிக்கு, அண்ணன் படத்துக்கு முன்னால் இலை போடும் நேரமாக இருக்கும் என்று நினைத்து அதை அமுக்கினேன். அமுக்கியதும் வெட்கமாகிவிட்டது. இது என்ன சின்னப்பிள்ளை விளையாட்டு என்று திரையை மூடிவிட்டுக் கீழே போய்விட்டேன். அவர் பார்த்தாரா என்று தெரியாது. பதிலுக்கு மின்ன அவரிடம் பொத்தான் கிடையாது.

இந்த ஐப்பசியில் ஒரு மதியம். சோறு வடித்துவிட்டு மேலே வந்தேன். மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மூன்று மணிக்கு முதல் இடி எங்கள் பக்கமே கேட்டது, கடலோரம் அதற்கு முன்பே தொடங்கியிருக்கும். குளச்சலில் மீன் ஏலக்காரர் ஒருவரின் அலுவலகப் பெட்டி சிவப்பானது. "சாரே, இடி பயங்கரமா முழங்குது, நான் வயரை உருவிட்டேன்" என்று அவரே கூப்பிட்டுச் சொன்னார். நல்லது செய்தீர்கள் என்றேன். சொல்லிவிட்டுப் பட்டியலின் அடியைப் பார்த்தேன்.

அண்ணன் வீடு பச்சையாக இருந்தது.

சரி, அங்கே இன்னும் இடி வரவில்லை போலும் என்று இருந்தேன். குளச்சலுக்கும் மணவாளக்குறிச்சிக்கும் எவ்வளவு தூரம்? குளச்சலில் முழங்கினால் மணவாளக்குறிச்சியில் ஜன்னல் அதிரும். கால் மணி நேரம் போனது. கிளினிக் பச்சை. அண்ணன் வீடும் பச்சை. திரை பழைய நிலவரத்தைக் காட்டுகிறதோ என்று பெட்டியைக் கூப்பிட்டுப் பார்த்தேன். உடனே பதில் சொன்னது. காலை ஐந்தரையிலிருந்து அணையாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. செல்போனும் அதில் சேர்ந்தேதான் இருக்கிறது.

வெளியே போயிருந்தால் மெயினை அமர்த்தியிருப்பார், சிவப்பாக இருக்கும். வீட்டில் இருந்தால் முதல் இடிக்கே வயரைப் பிடுங்கியிருப்பார், அப்போதும் சிவப்பாக இருக்கும். பச்சையாக இருக்கவேண்டுமென்றால் அவர் வீட்டுக்குள் இருக்கவேண்டும், ஆனால் எழுந்து நடக்க முடியாமல் இருக்கவேண்டும். வேறு எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் அதுதான் வந்தது. மைனி விழுந்து கிடந்த அடுக்களைத் தரை என் கண்ணுக்குள் வந்தது. நான் அதைப் பார்த்ததே இல்லை, ஆனாலும் வந்தது.

மூன்று வருடத்துக்குப் பிறகு அண்ணன் நம்பரை எடுத்தேன். அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டேன். மறுபடியும் ஓய்ந்தது. கிளினிக்குக்குப் போட்டேன், மதியம் பூட்டிக் கிடக்கும் நேரம், யாரும் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் யாருடைய நம்பராவது என்னிடம் இருக்கிறதா? அண்ணன் வீட்டுக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்றே எனக்குத் தெரியாது. ஊர் முழுக்க உள்ள பெட்டிகளின் சீரியல் நம்பர் தெரியும், அண்ணனின் அண்டை வீட்டுக்காரரைத் தெரியாது. அந்த நிமிடம் என்மேல் எனக்கு வந்த வெறுப்பை எழுத்தில் வைக்க முடியாது.

மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன். நாகர்கோவில் வரைக்கும் தூறல், ஊருக்குள் நெரிசல், அதைத் தாண்டியதும் கண்ணைத் திறக்க முடியாத மழை. ஒவ்வொரு மின்னலுக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். அம்மாண்டிவிளையில் வண்டி இருமிக்கொண்டு நின்றது. ஒரு சாயாக்கடையின் கூரைச் சாய்ப்பில் ஒதுங்கினேன். கடைக்குள் இருட்டு, கரண்ட் போய்விட்டது என்றார்கள். போனை வெளியே எடுத்துத் துடைத்துப் பட்டியலைத் திறந்தேன்.

அண்ணன் வீடு சிவப்பாகியிருந்தது.

உயிர் வந்ததுபோல இருந்தது. அப்போதுதான் கிளினிக்கைப் பார்த்தேன். அதுவும் சிவப்பு. அப்படியானால் அண்ணன் பிடுங்கவில்லை, ஊருக்கே கரண்ட் போயிருக்கிறது. அல்லது அண்ணனும் பிடுங்கி, கரண்டும் போயிருக்கலாம். மூன்று வருடம் எனக்கு எல்லாம் சொன்ன அந்தப் புள்ளி இப்போது எதுவும் சொல்லவில்லை. கடைக்காரர் சாயாவை நீட்டினார். "எங்க போறிய, இந்த மழையில?" என்றார். "அண்ணன் வீட்டுக்கு" என்றேன். அந்தச் சொல்லை நான் வாயால் சொல்லி எவ்வளவு காலம் ஆயிற்று என்று தோன்றி, சாயாவை வாங்காமலே வண்டியை உதைத்தேன்.

கேட் திறந்து கிடந்தது. உள்ளே முன்வாசல் சிட் அவுட்டில், நாற்காலியில், அண்ணன் உட்கார்ந்திருந்தார். சவரம் செய்து, வெளுத்த சட்டை போட்டு, வேட்டி கட்டி, எங்கோ கிளம்பியவர்போல இருந்தார். காலடியில் ஒரு துணிப்பை நிரம்பி நின்றது. ஆள் பாதியாகியிருந்தார். கேட்டைப் பார்த்தபடிதான் உட்கார்ந்திருந்தார்.

"வந்தியா?" என்றார்.

"அண்ணே, ஒங்களுக்கு ஒண்ணும் இல்லியே?"

"ஒண்ணும் இல்லைன்னு சொல்ல முடியாது. மொதல்ல ஏறி வா, நனையாதே."

துண்டை எடுத்து நீட்டினார். உள்ளே எட்டிப் பார்த்தேன். முன்னறையில் கருகல் வாடை. மைனி படத்துக்குப் பக்கத்தில் பெட்டி ஒரு ஓரம் கறுத்துத் தொங்கியது.

"நாலு மணி இடிக்கு டப்புன்னு ஒரு சத்தம். பொகை வந்துது. அப்பமே மெயினை அமத்திட்டேன்" என்றார் அண்ணன்.

"வயரைப் புடுங்கலியா?"

"புடுங்கல்ல."

"மறந்துட்டியளா?"

"நான் மறப்பேனா டே?" என்றார். மணல் ஆலையில் முப்பது வருடம் கரண்டோடு பழகியவரின் குரல் அது. மழை ஓட்டில் இரைந்தது. அவர் என்னைப் பார்க்காமல் கேட்டைப் பார்த்தே பேசினார். "அவ திதிக்கு இந்த லைட்டு கெடந்து மின்னிச்சே, அது நீதானே?"

"ஆமா."

"நெனச்சேன். அதுவரைக்கும் அவ போட்டாளேன்னு நானும் போட்டுக்கிட்டு இருந்தேன். பொறவு நீ பாக்கேன்னு போட்டேன்."

அழுகையை மறைக்கக் கோபப்பட்டேன். "நான் போன் அடிச்சேனே, ரெண்டு தடவை! கேக்கலியா?"

"கேட்டுது."

"எடுத்தா என்ன? நான் உயிரைக் கையில புடிச்சுக்கிட்டு வாறேன்."

"எடுத்திருந்தா நல்லா இருக்கேன்னு சொல்லியிருப்பேன். நீயும் சரின்னு வச்சிருப்பே."

அது பொய்யில்லை. அப்படித்தான் செய்திருப்பேன். அண்ணன் துணிப்பையைக் காலால் கொஞ்சம் நகர்த்தினார்.

"நெஞ்சுல மூணு அடைப்பு. தெறந்து செய்யணும்னு டாக்டரு சொல்லிட்டான். நாளைக்கு வந்து படுக்கணும். ஆஸ்பத்திரில, பைஸ்டாண்டர் யாருன்னு கேட்டான், ஒரு ஆளு கூட நிக்கணுமாம், கையெழுத்துப் போடணுமாம். தம்பி இருக்கான்னு சொன்னேன். வருவாரான்னு கேட்டான். அதுக்கு எனக்குப் பதில் தெரியல்ல மக்கா. அதான் இன்னைக்கு வயரைப் புடுங்காம இருந்து பாத்தேன்."

"ஒரு வார்த்தை போன்ல சொல்லியிருக்கலாமே, அண்ணே."

அப்போதுதான் அவர் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"அவ போனதையும் போன்லதான் சொன்னேன்" என்றார்.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்தேன். ஐம்பத்திரண்டு வயதில், ஈரச் சட்டையோடு, அழுதேன். பரவாயில்லை என்று அண்ணன் சொல்லவில்லை. "சோறு இருக்கு, புளிக்கறி இருக்கு, திங்கியா?" என்று மட்டும் கேட்டார். இரண்டு பேரும் அடுக்களையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அந்தத் தரையை அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். படிவத்தில் பைஸ்டாண்டர் என்ற இடத்தில் என் பெயரையும், உறவு என்ற இடத்தில் தம்பி என்றும் எழுதினேன். இரண்டு நாள் பரிசோதனை. மூன்றாம் நாள் காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். பதினொரு மணிக்கு நிறுவனத்திலிருந்து கூப்பிட்டார்கள். கன்னியாகுமரியில் ஒரு லாட்ஜில் எல்லாப் பெட்டியும் சிவப்பு, விருந்தாளிகள் சத்தம் போடுகிறார்கள், பத்து நிமிடம் லேப்டாப்பைத் திறந்து பார்த்தால் போதும் என்றார்கள். லேப்டாப் என் பையிலேயே இருந்தது. பத்து நிமிடத்தில் சரி செய்யக்கூடிய கோளாறுதான், கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"என் அண்ணனை உள்ளே கொண்டுபோயிருக்கிறார்கள். வேறு ஆளைப் பாருங்கள்" என்று சொல்லிப் போனை அணைத்துவிட்டேன். சொல்வதற்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம் இவ்வளவு சின்னது என்று அன்றுதான் தெரிந்தது. லாட்ஜ்காரர்கள் அன்று என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. எப்படியோ பிழைத்திருப்பார்கள்.

ஆபரேஷன் முடிந்து தீவிரப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள், கண் விழிக்க நாளைக் காலை ஆகும், வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள் என்றார் டாக்டர். நான் போகவில்லை. வெளியே வரிசையாகப் போட்டிருந்த இரும்பு நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கதவுக்கு மேலேயும் ஒரு விளக்கு எரிந்தது. அதன் நிறத்தைப் பார்த்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது. யாராவது கதவைத் திறந்து வந்து சொன்னால்தான் உண்டு.

காலையில் கதவு திறந்தது. நர்ஸ் எட்டிப் பார்த்து அண்ணன் பெயரைச் சொல்லி, "பைஸ்டாண்டர் யாரு?" என்று கூப்பிட்டார். நான் எழுந்த வேகத்தில் மடியிலிருந்த துணிப்பை கீழே விழுந்தது.

"கண்ணு முழிச்சிட்டாரு. பேசக்கூடாதுன்னு சொன்னாலும் கேக்கமாட்டேங்காரு. தம்பி வெளிய நிக்கானா, நிக்கானான்னே கேட்டுக்கிட்டு இருக்காரு."

"நிக்கேன்னு சொல்லுங்க" என்றேன்.